ஆராய்ச்சி போகாத தெரு

மருதடியேந்தலில் சோணைமுத்து வீடு எது என்று கேட்டால் மூன்று வீட்டைக் காட்டுவார்கள். ஆராய்ச்சி வீடு எது என்று கேட்டால் ஒன்றுதான். பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் சீமைக்காரர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். நொண்டி, ஊளைமூக்கு, கடன்கார மாயழகு என்று ஆளை உரித்துத் தொங்கவிட்டுத்தான் அழைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் மரியாதையான பட்டம் வாங்கியவர் இவர் ஒருவர். "என்ன ஆராய்ச்சி, சௌக்கியமா?" என்று யாராவது கேட்டால் மட்டும் அவர் தலை தானாகக் கீழே போகும். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, ம்ம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

படித்த மனுஷன், என்ன அடக்கம் பார் என்றது ஊர். அடக்கமாவது மண்ணாவது. அது வெட்கம். இருபத்தெட்டு வருஷம் ஊர் அதை அடக்கம் என்றே நம்பியது, அவரும் நம்பட்டும் என்று விட்டுவிட்டார்.

கதை 1978 மாசியில் தொடங்குகிறது. அப்போது சோணைமுத்துவுக்கு இருபத்து நாலு வயது. ராமநாதபுரத்தில் பி.யூ.சி. தேறி, பி.ஏ.யில் இங்கிலீஷ் தாளில் குப்புற விழுந்து, ஊருக்கு வந்து அப்பா பூமிநாதனின் வயல் வரப்பில் உட்கார்ந்திருந்தார். மேலத்தெருவில் நிலம் வைத்திருந்தவர்களில் பூமிநாதன் முதல் ஆள். ஊர்க்கூட்டத்தில் கடைசியாகப் பேசுகிறவர். அவர் பேசிய பிறகு பேச ஒன்றும் இருக்காது.

அந்த நேரத்தில்தான் ஹமீது சுல்தான் சைக்கிளில் வந்து இறங்கினார். தொண்டிக்காரர். பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வானம் பார்த்த ஊர்களில் சனங்கள் கண்மாய்த் தண்ணீரையும் குடிதண்ணீரையும் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பது அவர் விஷயம். அதற்கு நாலு பக்கத்தில் ஒரு படிவம் அச்சடித்து வைத்திருந்தார். வீட்டுக்கு ஒரு படிவம். கேட்டு எழுதி, கடைசியில் வீட்டுக்காரரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு வீடு. உள்ளூரில் படித்த பையன் ஒருவன் உதவிக்கு வேண்டும் என்றார். ஊரில் படித்த பையன் இருந்ததே ஒன்றுதான்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு. சொல்லுறத எழுதுங்க. நீங்க நெனைக்கிறத எழுதாதீங்க. மத்ததெல்லாம் அல்லா பாத்துக்குவான்" என்றார் ஹமீது சுல்தான். சோணைமுத்து தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் பொய் கிடையாது. உண்மையாகவே அப்படித்தான் எழுதுவதாக இருந்தார்.

மேலத்தெருவும் நடுத்தெருவுமாக அறுபத்தொன்பது வீடு பன்னிரண்டு நாளில் முடிந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று இருக்கிறது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு செம்பு தண்ணீர் வரும். அதைக் குடித்துவிட்டுத்தான் பேச்சு. குடிக்காமல் வாயைத் திறந்தால் சண்டைக்கு வந்த ஆள் என்று அர்த்தம். சோணைமுத்துவும் அறுபத்தொன்பது செம்பு தண்ணீர் குடித்தார், மோர் கொடுத்த இடத்தில் மோரும் குடித்தார்.

மீதி நாற்பத்து மூன்று வீடும் கீழத்தெரு. மேலத்தெருக்காரர் வயல்களில் உழுது, நட்டு, அறுத்துப் பிழைத்தவர்கள் அங்கே இருந்தார்கள். இந்த நேரம் பார்த்து ஹமீது சுல்தானுக்கு மஞ்சள் காமாலை. தொண்டியில் படுத்துக் கீழாநெல்லி தின்றுகொண்டிருந்தார். "நீங்களே முடிச்சிருங்க தம்பி" என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பினார். சோணைமுத்து தன் வயலில் வேலை செய்த கூத்தையாவிடம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், எல்லாரையும் வீட்டில் இருக்கச் சொல் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சாப்பிடும்போது பூமிநாதன் பேச்சை எடுத்தார்.

"ஏலே, நாளைக்குக் கீழத்தெருவுக்குப் போறியாமே."

"ஆமாய்யா."

"நாப்பத்தி மூணு வீட்டுலயும் தண்ணி குடுப்பாளுக. குடிச்சிட்டு வந்தியன்னா இந்தப் படியேறாத. குடிக்காம வந்தியன்னா அந்தச் சனம் மனசு சங்கடப்படும். நாளப்பின்ன நம்ம வயல்ல வந்து நிக்கப்போறது அதுகதான். என்னத்துக்கு இந்தப் பொல்லாப்பு?"

போகாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சோணைமுத்து எதிர்த்துப் பேசியிருப்பார், படித்த திமிர் கொஞ்சம் இருந்தது. இது அப்படி இல்லை. குடித்தால் வீடு போச்சு, குடிக்காவிட்டால் மரியாதை போச்சு. கிழவர் கணக்கில் ஓட்டையே இல்லை.

மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியது என்னவோ கீழத்தெருவுக்குத்தான். கண்மாய்க் கரை வரைக்கும் போனார். அங்கே ஒரு கருவேல மரம். அதன் அடியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் யோசிப்போம் என்று முதல் படிவத்தை மடியில் வைத்தார். வீட்டுக்காரர் பெயர் தெரியும். எத்தனை தலை என்பது தெரியும், அறுப்புக்கு எல்லாரும் வருகிறவர்கள்தானே. நிலம் இல்லை என்பது ஊருக்கே தெரியும். எழுதிவிட்டார். தெரிந்ததை எழுத எதற்குப் போய்க் கேட்க வேண்டும்? இப்படித்தான் மனுஷன் தனக்குத் தானே வக்கீல் ஆகிறான்.

ஏழாவது கேள்வியில் பேனா நின்றது. குடிநீர் எடுக்கும் இடம்.

ஊருக்கு ஊருணி ஒன்று உண்டு. படிக்கட்டு வைத்துக் கட்டியது. அந்தப் படியில் கீழத்தெருக்காரர் கால் வைக்கக் கூடாது. அப்படி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் எங்கள் ஊரில் பலம் அதிகம். கீழத்தெருப் பெண்கள் வற்றிய கண்மாயின் மணலில் இடுப்பளவு ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மோந்து மோந்து குடம் நிறைப்பார்கள். ஒரு குடத்துக்கு ஒரு மணி நேரம்.

கண்மாய் ஊற்று என்று எழுதினால் ஹமீது சுல்தான் சும்மா இருப்பாரா? ஏன் என்று கேட்பார். என்ன சொல்வது? வெளியூர்க்காரர் முன்னால் ஊரின் அசிங்கத்தை அவிழ்த்துப் போட சோணைமுத்துவுக்குக் கூசியது. ஊருணி என்று எழுதினார். நாற்பத்து மூன்று படிவத்திலும் ஊருணி.

எட்டாவது கேள்வி, தண்ணீர் எடுப்பதில் தகராறு உண்டா. கூத்தையா வீட்டுப் படிவம் வந்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் கூத்தையா மனைவி பஞ்சம்மாள், காய்ச்சலில் கிடந்த மாமியாருக்காக ஊருணியில் ஒரு குடம் முக்கிவிட்டார். கூட்டம் கூடியது. பூமிநாதன் கடைசியாகப் பேசினார். பஞ்சம்மாள் எல்லார் முன்னாலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்றவர் சோணைமுத்து. எல்லாம் கண்ணால் பார்த்தவர். இல்லை என்று எழுதினார்.

கடைசியில் கைநாட்டு. மைப்பெட்டியைத் திறந்து தன் பெருவிரலையே உருட்டினார். அடுத்ததற்கு ஆள்காட்டி விரல். அதற்கடுத்து நடுவிரல். பத்து விரலும் சுற்றி முடிந்து மறுபடி முதலிலிருந்து. சாயங்காலம் வரைக்கும் வேலை இருந்தது. வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் மை போகவில்லை, இரண்டு நாள் கையைத் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

காமாலை இறங்கி ஹமீது சுல்தான் வந்தார். மெலிந்து போயிருந்தார். படிவங்களைப் புரட்டினார்.

"நாப்பத்தி மூணும் போயிட்டு வந்துட்டீங்களா தம்பி?"

"வந்துட்டேண்ணே."

"கீழத்தெருவு முச்சூடும் ஊருணிதானா?"

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இதைவிட நல்ல இடம் பிறகு அவருக்கு வாய்க்கவே இல்லை. அதைப் பின்னால் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

"ஆமாண்ணே. எங்க ஊருல அந்த வித்தியாசமெல்லாம் இல்ல."

ஹமீது சுல்தான் முகம் மலர்ந்துவிட்டது. "நாப்பது ஊரு பாத்துட்டேன் தம்பி. ஒரு ஊரு கூட இப்பிடி இல்ல. அல்ஹம்துலில்லா. இதத் தனியா ஒரு அத்தியாயமா எழுதணும்" என்று சோணைமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எழுதவும் செய்தார். 1981-ல் கெட்டி அட்டை போட்ட புத்தகமாக ஆய்வேடு வந்தது. மருதடியேந்தலுக்குத் தனி அத்தியாயம், தண்ணீரில் பேதம் பார்க்காத ஊர் என்று. முன்னுரையில் நன்றி சொன்ன இடத்தில், "வீடு வீடாக ஏறி இறங்கி உழைத்த என் தம்பி சோணைமுத்துவின் நேர்மை இல்லாமல் இந்த ஆய்வு இல்லை" என்று இருந்தது. ஒரு பிரதியைக் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். நற்சான்றிதழும் ஒன்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்துத்தான் ராமநாதபுரத்தில் மழையும் விளைச்சலும் கணக்கெடுக்கிற சர்க்கார் வேலை கிடைத்தது. ஊர் அவருக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தது அப்போதுதான்.

அந்த வேலையில் சோணைமுத்துவைப் போல ஒரு ஆள் இருந்ததில்லை என்பார்கள். எந்த வயலில் அறுத்து எடை போட வேண்டும் என்று சீட்டு வருமோ, அந்த வயலுக்கே போவார். முழங்கால் சேறானாலும் போவார். கூட வேலை பார்த்தவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தே கணக்கை முடிப்பதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார், ஆனால் தான் செய்யமாட்டார். "இந்தாளு தராச விழுங்கிட்டுப் பொறந்தாரு" என்று கேலி பேசினார்கள். ஒரு நாள் செய்த தப்பைத் தினம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டிருந்தார். அது என்ன எண்ணெய்ப் பிசுக்கா, கழுவினால் போக?

மனைவி உமையாளுக்கு இதெல்லாம் தெரியாது. அந்தப் புத்தகத்தை நகைப்பெட்டியோடு பீரோவில் வைத்திருந்தார். சம்பந்தி வீட்டார் வந்தாலும் சரி, பாத்திரச் சீட்டுக்காரி வந்தாலும் சரி, அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுவார். அப்போதெல்லாம் சோணைமுத்து கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. புத்தகத்தில் இருப்பது அட்டவணைதான், படிவங்களை இந்நேரம் கரையான் தின்றிருக்கும் என்று நினைத்தார். ஹமீது சுல்தான் 2005-ல் மவுத்தானார். சோணைமுத்து தொண்டிக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்று அழுதார். நல்ல மனுஷனை ஏமாற்றிவிட்டோம், இனி மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை என்று அழுதார். அந்த அழுகைக்கு நடுவே, இனி யாருக்கும் தெரியாது என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதி வந்ததற்காக அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஹமீது சுல்தான் ஒரு துண்டுக் காகிதத்தையும் தூக்கிப் போடாதவர். அவர் மனைவி நூர் நிஷா, வீட்டிலிருந்த மூன்று டிரங்குப் பெட்டியையும் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். நூலகத்தில் அந்தச் சமயம் பழைய ஆய்வேடுகளையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆய்வேட்டோடு படிவங்களும் ஏறின. உலகத்தின் எந்த மூலையில் உட்கார்ந்தும் பார்க்கலாம் என்று ஆயிற்று.

2009 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ராமநாதபுரம் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் துணிப்பை.

"சோணைமுத்து சார் வீடுதானே? நான் பூமயில். பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணுறேன். ஹமீது சுல்தான் சாரோட ஆய்வேட்டக் கம்ப்யூட்டருல பாத்தேன், அதப் பத்திக் கேக்க வந்தேன்."

உமையாளுக்குத் தலைகால் புரியவில்லை. "இங்க பாருங்க, உங்க பேரு கம்ப்யூட்டருல வந்திருக்காம்ல" என்று உள்ளே ஓடிக் காபி போட்டார். டபராவோடு கொண்டுவந்து வைத்துவிட்டு, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"மருதடியேந்தல்தான். கீழத்தெரு. கூத்தையா மக."

உமையாள் முகம் ஒரு கணம் இறுகிப்போயிற்று. பிறகு சிரித்துச் சமாளித்தார். அது சோணைமுத்து கண்ணிலும் பட்டது, பூமயில் கண்ணிலும் பட்டது.

"காபியக் குடிம்மா" என்றார் சோணைமுத்து.

"கேட்டுட்டுக் குடிக்கிறேன் சார்."

பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். சோணைமுத்து பார்த்தார். அவருடைய கையெழுத்து. இருபத்து நாலு வயதுக் கையெழுத்து, சுழித்துச் சுழித்து அழகாக.

"சார், இதுல எங்கய்யா பேரு கூத்தன்னு இருக்கு. எங்கம்மா பேரு பஞ்சின்னு இருக்கு. தெருவு முழுக்க இப்பிடித்தான். எங்க ஆளுக வாயால சொல்லி எழுதியிருந்தா கூத்தையா, பஞ்சம்மாள்னுதான சொல்லியிருப்பாக? கூத்தன்னு கூப்புடுறது மேலத்தெருவுதானே சார்?"

ஆளைப் பெயர் கேட்காமலே பெயர் எழுதினவனுக்கு இது உறைக்க முப்பத்தொரு வருஷம் ஆகியிருக்கிறது.

"இன்னொண்ணு. ஒண்ணாவது படிவம், பதினொண்ணு, இருபத்தொண்ணு, முப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணு. அஞ்சு கைநாட்டுலயும் குறுக்க ஒரு வெட்டுத் தழும்பு இருக்கு."

சோணைமுத்துவின் இடது பெருவிரலில் சின்ன வயதில் அரிவாள் பட்ட தழும்பு உண்டு. கை மேசைமேல்தான் இருந்தது. எடுத்தால் தெரிந்துவிடும், எடுக்காவிட்டாலும் தெரியும். பூமயில் அந்த விரலைப் பார்த்தாள், பிறகு நாகரிகமாகச் சன்னலைப் பார்த்தாள்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. விஷயத்தை வரிசையாகச் சொன்னாள். 1982-ல் குடிதண்ணீர்க் குழாய் போட ஊர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்த ஆய்வேட்டைத்தான் எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மருதடியேந்தலில் எல்லாரும் ஊருணியில் எடுக்கிறார்கள், அவசரம் இல்லை என்று பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். கீழத்தெருவுக்கு அடிபம்பு வந்தது 1989-ல். அந்த ஏழு வருஷமும் அவள் அம்மா ஊற்றுத் தோண்டினார்.

"பம்பு வந்தப்ப எனக்கு ஏழு வயசு. நானும் கொட்டாங்கச்சி பிடிச்சிருக்கேன் சார். இப்ப நான் அதத்தான் எழுதுறேன். ஆனா எங்க கைடு, உங்கம்மா வாய்ச்சொல் ஒரு பக்கம், நாப்பத்தி மூணு ஆவணம் ஒரு பக்கம், நான் எத நம்புறதுன்னு கேக்குறாரு. நீங்க ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அந்தப் படிவங்களோட சேத்து நூலகத்துல ஏத்திருவாங்க. உங்க மேல ஒரு நடவடிக்கையும் வராது, விசாரிச்சிட்டேன். நீங்க அன்னைக்கு எங்க தெருவுக்கு வந்தீங்களா சார்?"

சமையலறை வாசலில் உமையாள் நின்றுகொண்டிருந்தார். பீரோவில் அந்தப் புத்தகம். நேர்மை என்று எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போன மனுஷர். சோணைமுத்து காகிதக் கட்டைப் பூமயில் பக்கமாகத் தள்ளினார்.

"வந்தேம்மா. நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

பூமயில் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறவனை வாத்தியாரம்மா பார்ப்பது போல இருந்தது. காகிதங்களை அடுக்கிப் பையில் போட்டாள்.

"எங்கம்மா சொன்னுச்சு, அவுக ஒத்துக்க மாட்டாகன்னு. சரி சார், வாரேன்."

காபியில் ஆடை கட்டியிருந்தது. உமையாள் டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் கண்ணைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, அரண்மனைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனார். நூலகத்தின் பெயரைச் சொல்லி எடுத்துத் தரச் சொன்னார். வந்தது. பஞ்சி என்று எழுதிய படிவத்தை அவரே தேடி எடுத்தார். தகராறு, இல்லை. கீழே கைநாட்டு. தெரியாமல் எதையோ அழுத்த அந்தக் கைநாட்டு பெரிதாகிப் பெரிதாகித் திரை முழுக்க நின்றது. அன்றைக்கு மண்ணில் விழுந்து கிடந்த பஞ்சம்மாளின் முதுகு ஞாபகம் வந்தது. அந்த வீட்டின் பெயரில் இவர் தன் விரலை அழுத்தி, ஒன்றுமே நடக்கவில்லை என்று அந்த வீட்டாரையே சொல்ல வைத்திருக்கிறார். தூ, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது. வாய்விட்டுச் சொல்லிவிட்டார் போல, பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்து உமையாள் முன்னால் வைத்தார். "இதுல எழுதியிருக்கிற அந்த ஒரு வார்த்தை பொய்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். உமையாள் கேட்டுவிட்டு, "இத்தன பேருகிட்ட காட்டுனேனே, ஒரு நாளாச்சும் காட்டாதடின்னு சொல்லக் கூடாதா?" என்றார். உமையாளுக்கு அவர் வெட்கம். சோணைமுத்து பேனாவை எடுத்தார். ஒரு பக்கம் எழுதினார், கிழித்தார். மூன்றாவது தடவை எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மருதடியேந்தலில் பஸ்ஸை விட்டு இறங்கினார். மேலத்தெருவுக்குத் திரும்பாமல் நேராக நடந்தார். ஐம்பத்தைந்து வயதில், பிறந்த ஊரின் கீழத்தெருவுக்குள் முதல் தடவையாக நுழைந்தார். வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கூத்தையா வீடு எது என்று அவர் கேட்க வேண்டியிருந்தது. அவர் வயலில் முப்பது வருஷம் உழுதவர் வீடு.

கூத்தையா செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பஞ்சம்மாள் வாசலில் உட்கார்ந்து, திருப்பாலைக்குடி மீன்காரியிடம் வாங்கிய சூடை மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்திருக்கவில்லை. பூமயில் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். சோணைமுத்து உட்கார்ந்தார். வெயிலில் நடந்து வந்ததில் நாக்கு ஒட்டியது. தண்ணீர் வரவில்லை. கேட்க அவருக்கு என்ன வாய் இருக்கிறது?

"எதுக்கு வந்தீக?" என்றார் பஞ்சம்மாள்.

"நீங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அந்தத் தெருவில் யாரையும் அவர் நீங்க என்று சொன்னது கிடையாது. "எழுதிக் கொண்டாந்திருக்கேன்" என்று காகிதத்தைப் பூமயிலிடம் நீட்டினார்.

அவள் சத்தமாக வாசித்தாள். "1978-ஆம் ஆண்டு நான் கீழத்தெருவுக்குப் போகவில்லை. கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, கீழத்தெருவார் யாருக்கும் தெரியாமல், நாற்பத்து மூன்று படிவங்களையும் நானே எழுதினேன். கைநாட்டுகள் என் விரல்கள். ஊருணி என்று எழுதியது பொய். தகராறு இல்லை என்று எழுதியதும் பொய். ஹமீது சுல்தான் அவர்களுக்கு இது தெரியாது."

பஞ்சம்மாள் மீன் கையைச் சாம்பலில் தேய்த்துக்கொண்டே கேட்டார். "யாருக்கும் தெரியாமன்னா எழுதியிருக்கு?"

"ஆமா."

"ஏன் தெரியாது? அந்தா, இங்கனேருந்து கம்மாக்கரை தெரியிதா இல்லையா?"

சோணைமுத்து திரும்பிப் பார்த்தார். நடுவில் ஒரு மரம் கிடையாது. கரை, கருவேல மரம், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"ஒருத்தரும் அன்னைக்கு வேலைக்குப் போகல. நீங்க வாரீகன்னு வாசல் தெளிச்சு உக்காந்திருந்தோம். நீங்க அங்கன உக்காந்து எழுதுறதப் பாத்துக்கிட்டேதான் இருந்தோம். எழுதி முடிச்சிட்டு வருவாகன்னு நெனச்சோம். எங்க தண்ணிய நீங்க குடிக்க மாட்டீக, அது எங்களுக்குத் தெரியாதா? அதனால எங்க வீட்டுக்காரரு விடியங்காட்டியும் திருப்பாலக்குடிக்கு நடந்து போயி சோடாக்கடையில கலர் வாங்கியாந்தாரு. மூடியத் தொறக்காமக் குடுத்தாத் தீட்டில்லைல. உங்களுக்கு ஒண்ணு, சாயபு சாரும் வந்தா அவுகளுக்கு ஒண்ணு. சூடாயிரக் கூடாதுன்னு ஈரச்சாக்குல சுத்தி வச்சிருந்தோம். நாஞ்சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வச்சிருந்தேன். அந்தக் கூட்டத்துல விழுந்தது, மாமியா காய்ச்சல்ல கெடந்தது, எல்லாத்தையும். கேக்குறதுக்கு ஒரு ஆளு வருதேன்னு."

"பெறகு?" என்றார் சோணைமுத்து.

"பெறகென்ன, பொழுது சாயயில சைக்கிள எடுத்துக்கிட்டு நீங்க மேலத்தெருவுக்குப் போயிட்டீக. அத ஒடச்சுக் குடிக்க எங்க யாருக்கும் மனசு வரல. மறுநா அவரு திரும்பவும் நடந்து போயி கடையிலயே குடுத்திட்டு வந்தாரு."

சோணைமுத்து பூமயிலிடம் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். மடியில் வைத்து, கீழத்தெருவார் யாருக்கும் தெரியாமல் என்பதை அடித்தார். தப்பை ஒத்துக்கொண்டு எழுதிய காகிதத்திலும் ஒரு பொய் இருந்திருக்கிறது. அதற்கு மேலே, நாற்பத்து மூன்று வீட்டாரும் வேலைக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்தார்கள், நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு எழுதினார்.

"கலர எழுதுனீகளா?" என்று கேட்டார் பஞ்சம்மாள்.

"இல்ல."

"எழுதுங்க. ரெண்டு பாட்டிலு."

எழுதினார். எனக்கும் ஹமீது சுல்தான் அவர்களுக்குமாக இரண்டு பாட்டில் கலர் வாங்கி, ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். நான் போகவில்லை. கீழே மறுபடியும் கையெழுத்துப் போட்டுப் பூமயிலிடம் கொடுத்தார்.

"இப்ப வாசி" என்றார் பஞ்சம்மாள் மகளிடம். பூமயில் முதலிலிருந்து வாசித்தாள். பக்கத்து வாசல்களில் நின்றவர்கள் கிட்டே வந்து கேட்டார்கள். முடிந்ததும் பஞ்சம்மாள், கலர் வருகிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். சோணைமுத்து அதையும் உட்கார்ந்து கேட்டார்.